பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா?

கேள்வி: பம்ப்செட் ஸ்டார்ட்டருக்கு கன்ட்ரோலர் போர்டு வடிவமைக்கிறேன். பத்து வருடத்துக்கு உதிரிகள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வழி என்ன?
— வாசகர், கோவை

பதில்: 2021 சிப் பஞ்சத்தில் நானும் சூடுபட்டவன்தான். எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சிப்) எங்கும் கிடைக்காமல், ஒரு சில்லறைக் கடையில் பல மடங்கு விலைக்கு வாங்கினேன். அசிட்டோன் தொட்ட பஞ்சால் சிப்பின் மேற்புறத்தைத் துடைத்தால், அதில் அச்சிட்ட எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. போலி!

டயோடு, ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) போன்ற பொதுவான உதிரிகள் பற்றிக் கவலை வேண்டாம். 1972-ல் வந்த 555 டைமர் சிப்பையே இன்றும் பல நிறுவனங்கள் செய்கின்றன. சிக்கல் மைக்ரோகன்ட்ரோலரில்தான், அதைச் செய்வது ஒரே நிறுவனம். எத்தனை வருடம் தயாரிப்போம் என்று எழுதிக் கொடுக்கும் பட்டியலில் அது இருக்கிறதா, எந்த வருடத்திலிருந்து கணக்கு என்று பாருங்கள். ‘புதிய வடிவமைப்புக்குப் பரிந்துரைக்கவில்லை’ என்றிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

ரிலே, ரெகுலேட்டருக்கு போர்டிலேயே இரண்டு அளவு பேட் (உதிரியைப் பற்றவைக்கும் செப்பு இடம்) போட்டுவிடுங்கள், ஒன்று கிடைக்காவிட்டால் மற்ற அளவைப் பொருத்தலாம். காசு செலவில்லை, சோம்பல்தான் தடை. அப்புறம், நிரலில் சிப் சார்ந்த பகுதியைத் தனிக் கோப்பாக வையுங்கள், சிப்பை மாற்ற நேர்ந்தால் அதை மட்டும் திருத்தினால் போதும். தயாரிப்பு நிற்கிறது என்று அறிவிப்பு வந்தால், கடைசி ஆர்டருக்குப் பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். வாங்கி அடுக்குவதானால் ஈரம் புகாத உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.