கொரோனா போய் ஒரு மாதம் ஆச்சு, இப்போது ஏன் காய்ச்சல்?

கேள்வி: போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போனது. எட்டு வயது மகளுக்கு இரண்டு நாள் மூக்கொழுகல், அவ்வளவுதான். இப்போது மூன்று நாளாக 103 டிகிரி காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. கண்ணும் சிவந்திருக்கிறது. ஆர்.டி.பி.சி.ஆர் நெகட்டிவ். ஆனாலும் டாக்டர் உடனே அட்மிட் செய்யச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். முதலில் கிளம்புங்கள், மீதியைப் போகிற வழியில் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது எம்.ஐ.எஸ்-சி என்ற பிரச்சினையை. கிருமி போன பிறகும் எதிர்ப்புச் சக்தி அடங்காமல், இதயம், குடல் என்று பல உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கிவிடும். தொற்று வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் இது தலைகாட்டும். கிருமி போய்விட்டதால் டெஸ்ட் நெகட்டிவாக வருவதில் ஆச்சரியமில்லை. கிருமியை எதிர்த்து உடல் தயாரித்த ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்த்தால், தொற்று வந்து போனது பெரும்பாலும் தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில் பிரிட்டன் டாக்டர்கள் இதைக் கவனித்தபோது குழந்தைகளின் ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவசாகி நோய் போலிருக்கிறதே என்றுதான் யோசித்தார்கள். ஆனால் கவசாகி பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. இதில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதிகம்.

வயிற்றுவலியை அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து ஆபரேஷன் வரை போன குழந்தைகளும் உண்டு. நம் ஊரில் டெங்குவும் இதே வேஷத்தில் வரும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுப்பார்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை இதயம்தான். வெளியே தெரியாமலே அது வலுவிழந்து ரத்த அழுத்தம் இறங்கலாம். காலையில் பிஸ்கட் கேட்ட பிள்ளையை மாலையில் ஐ.சி.யூ.வில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் விடமாட்டோம். ஒன்று செய்து பாருங்கள்: மகளின் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, கைகால் சில்லென்று இருக்கிறது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினாலும் சோர்ந்து சாய்கிறாள் என்றால் 108-ஐ அழையுங்கள். நகம் உடனே சிவந்தாலும் அட்மிஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

அங்கே இம்யூனோகுளோபுலின் என்ற, தானம் செய்த ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்தைப் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டும் சேரும். ஸ்டீராய்டு என்றதும் முகம் சுளிக்காத பெற்றோர் இல்லை; இந்த நோயில் அதுதான் கை கொடுக்கும். இம்யூனோகுளோபுலின் எடைக்குத் தக்க அளவு, கிலோவுக்கு 2 கிராம். 25 கிலோ பிள்ளைக்கு 50 கிராம் ஆகும். விலை அதிகம், அரசு மருத்துவமனை என்றால் தயங்காமல் அங்கே போங்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள்.

போன மாதத்து பாசிடிவ் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய பிறகு, இதய டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டம், விளையாட்டு வேண்டாம். சில மாதம் ஆகலாம். அப்புறம், இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி), சின்னம்மை ஊசி ஏதும் பாக்கி இருந்தால் அதிலிருந்து 11 மாதம் கழித்துத்தான் போட வேண்டும்.