அப்டேட் செய்யலாமா, காத்திருக்கலாமா? டர்பன் வீட்டுக் கணினிகளுக்கான கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து நம்மவர்கள் கேட்பதெல்லாம் அப்டேட்டைப் பற்றித்தான். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை: என் கணினி விண்டோஸ் 10. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறான் மகன்.

அவசரப்பட்டு வாங்காதீர்கள் அம்மா. ஆதரவு முடிந்ததால் கணினி நின்றுவிடாது. புதிதாகப் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் வராது, அதுதான் ஆபத்து. அதற்கும் ஒரு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து வரும். அவற்றைப் பெற, கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. ஒத்திசைப்பது பிடிக்கவில்லை என்றால் 30 டாலருக்கு ஈடான தொகை கட்டலாம்.

விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். ஒன்பது வருடக் கணினி பெரும்பாலும் தேறாது. அதையும் மீறி ஏற்றித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள், வேண்டாம். அவகாசம் முடிந்த பிறகு அதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். மின்னஞ்சல், யூடியூப், கடிதம் அடிப்பது எல்லாம் அதில் நடக்கும், தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

பீனிக்ஸ், கல்லூரி மாணவர்: அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் கணினி செத்துவிடுமா அண்ணா? இந்தப் பயத்திலேயே நாலு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

தம்பி, லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) இருந்த வருடங்களில் இந்தப் பயம் எல்லார் வீட்டிலும் இருந்தது. இப்போது குறைந்திருந்தாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று திடீரென்று போகத்தான் செய்கிறது. அதனால் எந்தக் கட்டத்தில் ஆபத்து என்று தெரிந்துகொள்.

பதிவிறக்கம் நடக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட் ஆகி, அணைக்காதீர்கள் என்று திரையில் சதவீதம் ஓடுமே, அப்போதுதான் கவனம் வேண்டும். அந்த நேரத்தில் நின்றாலும் பெரும்பாலும் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அது எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பி இருக்காதே. லேப்டாப் என்றால் பேட்டரியை முழுக்க ஏற்றிவிட்டு, சார்ஜரையும் சொருகியபடி ரீஸ்டார்ட் செய். மேசைக் கணினி என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கு, அரைமணி நேரம் தாங்கினால் போதும். போன கரண்ட் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறும். நான் பார்த்த செத்த கணினிகளில் பாதிக்கு மேல் அப்படிப் போனவைதான், அப்டேட்டால் போனவை இல்லை.

பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள், அதன் அப்டேட் மட்டும் வேறு கதை. அது பாதியில் நின்றால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் அதைத் தொடாதே.

நாலு மாதம் தள்ளியது சரியில்லை. இன்று இரவே செய்துவிடு. செய்வதற்கு முன் உன் பாடக்குறிப்புகளை ஒரு யூஎஸ்பி டிரைவில் எடுத்து, டிரைவைக் கழற்றி வைத்துவிடு.

டோங்காட், சிறு கடை நடத்துபவர்: வீட்டில் ஃபைபர் இல்லை, போன் டேட்டாவில்தான் ஓடுகிறது. அப்டேட் வந்தால் டேட்டா மொத்தமும் போய்விடுகிறது.

உங்கள் வருத்தம் நியாயமானது. மாதாந்திர அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகும். வைஃபை அமைப்பில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்யுங்கள், பெரிய பதிவிறக்கங்கள் உங்களைக் கேட்காமல் வராது. வீட்டில் இரண்டு கணினி இருந்தால், டெலிவரி ஆப்டிமைசேஷன் பக்கத்தில் உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகளோடு மட்டும் பகிர்வதாக வைத்துவிடுங்கள். ஒன்று இறக்கியதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு நாள் கணக்கு. மைக்ரோசாஃப்ட் மாதாந்திரத் திருத்தங்களை வெளியிடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி இரவு 7 அல்லது 8 மணிக்கு வரும். அந்த வார இறுதியில் ஃபைபர் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கணினியைக் கொண்டுபோய் அப்டேட் செய்துவிட்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. மீட்டர்டு வைத்தபின் ஆன்டிவைரஸின் புதிய வரையறைகளும் (புது வைரஸ்களை அடையாளம் காட்டும் பட்டியல்) தாமதமாகலாம். சில எம்பிதான், வாரத்தில் இரண்டு தடவை நீங்களே செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்திவிடுங்கள்.

மெர்பேங்க், 71 வயது தாத்தா: மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ், அப்டேட் செய்து தருகிறோம் என்று ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். எனிடெஸ்க் என்று ஏதோ போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். பேத்தி பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கினாள்.

உங்கள் பேத்திக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் தாத்தா. செய்ய வேண்டியதில் பாதியை அவள் செய்துவிட்டாள்.

மைக்ரோசாஃப்ட் நீங்கள் கேட்காமல் உங்களுக்குப் போன் செய்யாது. அவர்களுடைய உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பரே இருக்காது. எனிடெஸ்க் என்பது தொலைவிலிருந்து இன்னொருவர் கணினியை இயக்க உதவும் நேர்மையான மென்பொருள்தான், நானே தொலைவில் இருப்பவர்களுக்கு உதவ அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதைப் போட்டுக் குறியீட்டைச் சொன்னீர்கள் என்றால் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்த மாதிரி.

இப்போது செய்ய வேண்டியது: கணினியை இணையத்தில் சேர்க்காமல் வையுங்கள். வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அந்தப் பெண் கொடுத்த நம்பருக்கு வேண்டாம். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பேத்தியின் போனிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணினியிலிருந்து மாற்றாதீர்கள். பிறகு எனிடெஸ்க்கை நீக்கி, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்ட வேண்டும். உங்களை யாரும் முட்டாள் என்று நினைக்க விடாதீர்கள். என் சொந்த அத்தை இதே மாதிரி அழைப்பில் 18,000 ரேண்ட் இழந்தார். வெட்கப்பட்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் அவ்வளவு போனது.

எல்லாருக்கும் சொல்கிறேன். அப்டேட்டை நீங்கள்தான் உள்ளே போய், செட்டிங்ஸில் தேடி எடுப்பீர்கள். போனிலோ, மின்னஞ்சலிலோ, இணையப் பக்கத்தில் சிவப்பாகத் துள்ளும் பெட்டியிலோ உங்களைத் தேடிக்கொண்டு வருவது அப்டேட் இல்லை.

லெனேசியா: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுத்து, கணினியை ஊர வைத்துவிடும். வீட்டுக்கு விண்டோஸ் டிஃபெண்டர் ஒன்றே போதும் என்பது என் கருத்து. கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடந்தால் அதை நீக்குங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கணக்கர்: 2024 ஜூலையில் ஆன்டிவைரஸ் அப்டேட்டால்தானே விமானமே நின்றது? அதற்குப் பிறகு எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அது நிறுவனங்களுக்கான மென்பொருள், வீட்டுக் கணினிகளில் இருப்பதில்லை. ஆனாலும் உங்கள் சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. அப்டேட்டிலும் தவறு வரும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2017 மே 12-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் கிளம்பி 150 நாடுகளுக்குப் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அதனால் நான் செய்வது இதுதான்: ஆன்டிவைரஸ் வரையறைகளைத் தள்ளிப் போடுவதே இல்லை. மாதாந்திரத் திருத்தத்தை மூன்று நான்கு நாள் விட்டு, பெரிய புகார் இல்லையென்றால் ஏற்றுகிறேன். வருடாந்திரப் பெரிய பதிப்புக்கு இரண்டு மாதம் கூடக் காத்திருப்பேன். அது பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம், மறந்துவிடாதீர்கள்.

டர்பன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துபவர்: வகுப்புக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7. இருபது வருடப் பாடத்தாள்கள், தேவாரப் பாட்டுப் பிரதிகள் எல்லாம் அதில்தான். மாற்றினால் எழுத்து போய்விடும் என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன் ஐயா, ஏனென்றால் இந்த இழப்பை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அதை முதலில் இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.

உங்கள் பழைய தாள்கள், எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு முறைக்கு முந்திய பாமினி, டிஸ்கி போன்ற எழுத்துமுறைகளில் இருக்கும். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள் போன்றவையும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய விண்டோஸைச் சுத்தமாக ஏற்றும்போது அந்த எழுத்துரு அழிந்தால், பாட்டு முழுவதும் குப்பை எழுத்தாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு கோவிலில் அழித்தே விட்டார்கள்.

எனவே ஆவணங்களை மட்டும் நகல் எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவு முழுவதையும் எடுங்கள். முக்கியமான தாள்களைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். நகல்களை இரண்டு டிரைவில் எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். புதிய கணினியில் எழுத்துருக்களைப் போட்டு, நான்கைந்து தாளைத் திறந்து பார்த்து, எழுத்து சரியாக வந்தபிறகுதான் பழையதைத் தொட வேண்டும். பிறகு மெதுவாக யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒற்றுப்பிழைகளைப் பார்க்க மட்டும் தமிழ் தெரிந்த கண் வேண்டும். அந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் வருகிறேன்.

இசிப்பிங்கோ: அப்டேட் முடிந்ததும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

இல்லை, அது பிட்லாக்கர். டிஸ்க்கைக் கணினியே பூட்டி வைத்திருக்கிறது. வேறொரு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால் கணினியின் பெயருக்கு நேராக அந்த மீட்பு எண் இருக்கும். திரையில் காட்டும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு அடியுங்கள். திறந்ததும் அந்த 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.