காலைல எந்திரிக்காத டீசல் பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி பொறந்தாலே இந்தப் பக்கத்துக்கு வர்ற லெட்டர்ல பாதி ஒரே பாட்டு தான், வண்டி ஸ்டார்ட் ஆகல, வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு. அதனால இந்த வாட்டி மொத்தப் பக்கத்தையும் பழைய டீசல் பிக்கப்புக்கே ஒதுக்கிட்டோம். எழுதுற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், என்னென்ன சாமான் மாத்துனீங்கன்னு பெரிய லிஸ்ட்டா போடுறீங்க, வண்டி எப்படி மக்கர் பண்ணுதுன்னு ஒரு வரி கூட இல்ல. செல்ஃப் வேகமா சுத்துதா, சுத்தும்போது பொகை வருதா, காலைல மட்டுமா இல்ல சூட்டுலயும் அப்படியா, எங்க நிறுத்துனீங்க, இதெல்லாம் எழுதுனா தான் எனக்கும் பதில் சொல்ல வரும், உங்களுக்கும் காசு மிச்சம்.

கேள்வி: அண்ணே வணக்கம், எனக்கு ஏற்காடு நாகலூர் பக்கம். 2005 மாடல் டீசல் பிக்கப், டீசல இழுத்து இஞ்சினுக்குத் தள்ளுறது ரோட்டரி பம்ப். காப்பி, மொளகு, சீசன் வந்தா ஆரஞ்சு, எல்லாம் சேலத்துக்கு எறக்குற வேலை. காலைல அஞ்சு மணிக்கு செல்ஃப் அடிச்சா நல்லா வேகமா தான் சுத்துது ஆனா புடிக்கவே மாட்டேங்குது, சைலன்சர்ல பொகையும் வர்றதில்ல, அடிச்சு அடிச்சு ஓஞ்சு போற நேரத்துல குப்புனு வெள்ளையா பொகை விட்டுட்டு தடதடன்னு எந்திரிக்கும், அதுக்கப்புறம் நாள் பூரா தொந்தரவே இல்ல. பேட்டரி மாத்திட்டேன், நாலு ஹீட்டர் பிளக்கும் மாத்திட்டேன். அஸ்தம்பட்டில மச்சான் வீட்ல ராத்திரி நிறுத்துனா மட்டும் காலைல அரை செல்ஃப்ல எந்திரிக்குது. மேல குளிருன்னால தான்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டு வாசல் நல்ல ஏத்தம், மூக்கு மேல பாத்த மாதிரி தான் நிறுத்துவேன். என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, கடைசி வரில போற போக்குல சொல்லிட்டுப் போயிருக்கீங்க பாருங்க, வெஷயமே அதுல தான் இருக்கு. அஸ்தம்பட்டிக்கும் உங்க வாசலுக்கும் வித்தியாசம் ரெண்டு இருக்கு, ஒண்ணு குளிர், இன்னொண்ணு ஏத்தம். எல்லாரும் குளிர மட்டும் புடிச்சுக்கிட்டாங்க.

குளிருக்கும் பங்கு இருக்கு, இல்லன்னு சொல்லல. டீசல் இஞ்சின்ல பத்த வைக்க ஸ்பார்க் கெடையாது, பிஸ்டன் காத்த நசுக்குற நசுக்குல அந்தக் காத்து ஐநூறு டிகிரிக்கு மேல சூடாகி, அதுல டீசல் பீச்சுனதும் தானா பத்திக்கணும். சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர், மேல காத்தும் லேசு, இரும்பும் ஜில்லுனு இருக்கும், நசுக்குன சூட்ட அந்த இரும்பே குடிச்சிரும். ஆனா அப்படி குளிர்னால புடிக்காத வண்டின்னா செல்ஃப் அடிக்கும்போதே சைலன்சர்ல வெள்ளையா, கண்ணு எரியுற டீசல் வாடையோட பொகை வரும், ஏன்னா டீசல் உள்ள போகுது, பத்தாம அப்படியே வெளிய வருது. உங்க வண்டில பொகையே இல்லங்கறீங்க. பொகை இல்லன்னா டீசலே இஞ்சினுக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம். கடைசியா வர்ற அந்த குப்பு வெள்ளப் பொகை தான் டீசல் வந்து சேந்த நேரம். இந்தக் கதைல பேட்டரியும், ஸ்டார்ட் பண்றப்ப இஞ்சின் உள்ள சூடேத்துற ஹீட்டர் பிளக்கும் எங்கயுமே வரல, அதுக்கு செலவு பண்ணியாச்சு, போகட்டும்.

டீசல் லைன்ல எங்கயோ சின்னதா ஏர் எடுக்குது. வண்டி ஓடும்போது பம்ப் இழுத்துக்கிட்டே இருக்கறதால அது தெரியாது. ராத்திரி மூக்கு மேல பாத்து நின்னா இஞ்சின் ஒசரத்துல, டேங்க் தாழ்வுல, அந்த ஓட்டை வழியா காத்து உள்ள வர வர லைன்ல இருக்குற டீசல் மெதுவா டேங்குக்கே எறங்கிரும். காலைல நீங்க அடிக்கிற செல்ஃப் எல்லாம் மறுபடி டீசல டேங்க்ல இருந்து மேல இழுக்கறதுக்கே செலவாகுது. மச்சான் வீட்டு முன்னாடி சமதளம், எறங்க வழி இல்ல, பட்டுனு எந்திரிக்குது.

நெசமா இல்லையான்னு பாக்க பைசா செலவு வேணாம், இன்னிக்கு ராத்திரி வண்டிய திருப்பி, மூக்கு கீழ பாத்த மாதிரி நிறுத்துங்க, கியர்ல போட்டு டயருக்கு நல்ல கல்லா முட்டுக் குடுத்துருங்க. குளிர் அதே குளிர் தான, ஏத்தம் மட்டும் தான் மாறுது. காலைல சுளுவா எந்திரிச்சா ஏர் தான், பேச்சே வேணாம். இதுல இன்னொரு லாபமும் இருக்கு, டேங்க் ஒசரமா நிக்கும்போது ஏர் எடுக்குற எடம் டீசல் கசியுற எடமா மாறும், டார்ச் அடிச்சுப் பாத்தா எங்கயாச்சும் ஈரம் தெரியும்.

அடுத்த நாள் பழையபடி மூக்கு மேல நிறுத்தி, காலைல செல்ஃப தொடறதுக்கு முன்னாடி ஃபில்டர் மேல இருக்குற ஹேண்ட் பம்ப அமுக்கிப் பாருங்க. லைன் நெறஞ்சிருந்தா ரெண்டு மூணு அமுக்குலயே கல்லு மாதிரி இறுகும். லொடலொடன்னு பத்து இருவது அமுக்குக்குப் போய் அப்புறம் இறுகுச்சுன்னா லைன் காலி. இறுகுனப்புறம் செல்ஃப் அடிங்க, உடனே எந்திரிக்கும்.

ஓட்டை எங்கன்னு தேடுறது தான் பொறுமையான வேலை. பம்ப்புக்கு உள்ள போற லைன்ல ஒரு ஜாண் கண்ணாடி ஓஸ் போட்டு ரெண்டு பக்கமும் கிளிப் இறுக்கிட்டு, வண்டிய ஐடில்ல ஓட விட்டுப் பாருங்க, உள்ள முத்து முத்தா குமிழி ஓடுனா டேங்க்ல இருந்து அந்த எடம் வரைக்கும் எங்கயோ தப்பு. நான் மொதல்ல சந்தேகப்படுறது ஹேண்ட் பம்ப்பையே தான், அதுக்குள்ள இருக்குற ரப்பர் வெடிச்சா வெளிய ஒரு சொட்டு டீசல் தெரியாது ஆனா காத்த மட்டும் நல்லா இழுக்கும். அப்புறம் ஃபில்டர் மாத்தும்போது பழைய ரப்பர் ரிங்கயே திருப்பிப் போட்டுருப்பாங்க, ஃபில்டர் அடில தண்ணி எறக்குற ஸ்க்ரூ சரியா ஒக்காந்திருக்காது, டீசல் பைப்ப மாட்டுற, நடுவுல ஓட்டை இருக்குற பேஞ்சோ போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வர்ற செப்பு வாஷர் அமுங்கித் தட்டையாகியிருக்கும். டேங்க் பக்கத்து ரப்பர் ஓஸ் இருவது வருஷம் ஆன வண்டில கண்டிப்பா வெடிச்சிருக்கும், மடக்கிப் பாத்தீங்கன்னா கோடு கோடா தெரியும். இஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற நாசில் மேல ஓடுற, மிச்ச டீசல திருப்பி அனுப்புற ரிட்டர்ன் ஓஸையும் விட்டுறாதீங்க, அந்த நூல் சுத்துன சின்ன ஓஸ் தான், ஈரமா இருந்தா மொத்தமா மாத்திருங்க, பெரிய காசு இல்ல.

எது எதுன்னு புடிபடலன்னா ஒரு கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி பம்ப்ப விட ஒசரமா கட்டி, அதுல இருந்து நேரா பம்ப்புக்கு ஓஸ் குடுத்து, பம்ப் ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்பி, ராத்திரி விட்டுருங்க. காலைல டக்குனு எந்திரிச்சா பம்ப் நல்லா இருக்கு, தப்பு பின்னாடி லைன்ல. சில பட்டறைல லைன்ல ஒரு ஒன்வே வால்வ சொருகி ‘முடிஞ்சுது போ’ன்னு அனுப்பிருவாங்க, அது ஓட்டைய மறைக்கும், அடைக்காது.

திருப்பி நிறுத்தியும் ஒண்ணும் மாறலன்னா மட்டும் ஹீட்டர் பக்கம் வாங்க. பிளக் புதுசா இருந்தா போதாது, ரிலேல இருந்து கரண்ட் வரணும்ல. மீட்டர்ல ஹீட்டர் லைட் எரியுறத நம்பாதீங்க, அது டைமர் ஓடுதுன்னு மட்டும் தான் சொல்லும். சாவி போட்டதும் பிளக் மேல ஓடுற பட்டைல டெஸ்ட் லேம்ப் வெச்சு கரண்ட் வருதான்னு பாத்தா ஆச்சு. இன்னொண்ணு, அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க தம்பி, பத்துப் பதினஞ்சு செகண்ட் அடிச்சா ஒரு நிமிஷம் விடுங்க, இல்லன்னா அடுத்த லெட்டர் செல்ஃப் மோட்டார் பத்தி தான் எழுதுவீங்க.

கேள்வி: என் பிக்கப்ல காலைல செல்ஃப் ‘ங்ங்... ங்ங்’னு மாட்டு வண்டி மாதிரி சுத்துது. பேட்டரி புதுசு, ஹாரன் லைட் எல்லாம் பளிச்சுனு இருக்கு. (குரங்குச்சாவடி)

பதில்: ஹாரன் லைட்டுக்கு வேணும்ங்கற கரண்ட் கொஞ்சம் தான், செல்ஃப் மோட்டார் எடுக்குறது நூத்துக் கணக்குல ஆம்பியர், அதனால லைட்ட வெச்சு பேட்டரிய மார்க் போடாதீங்க. டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு கைல வெச்சுக்கோங்க. ராத்திரி பூரா நின்ன வண்டில 12.6 வோல்ட் பக்கம் காட்டுனா பேட்டரி ஃபுல்லு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி கம்பத்துலயே பத்துக்கு ரொம்ப கீழ எறங்குனா பேட்டரி புதுசானாலும் சொத்தை, இல்ல செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்குது.

பத்துக்கு மேல நிக்குது, ஆனாலும் மெதுவா தான் சுத்துதுன்னா கேபிள் தான். மீட்டர்ல ஒரு முனைய பேட்டரி மைனஸ் கம்பத்துலயும் இன்னொரு முனைய இஞ்சின் பிளாக்லயும் வெச்சுட்டு ஆள விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த் கேபிள் சோலி முடிஞ்சுது. பழைய பிக்கப்ல சேஸிஸ்ல எர்த் முறுக்குன எடம் துருவும் சேறுமா கெட்டியாகிக் கெடக்கும், கழட்டி எமரி போட்டு பளபளன்னு தேச்சு முறுக்குங்க. பாதி வண்டி இதுலயே சரியாயிரும். அப்பவும் மந்தம்னா செல்ஃப் மோட்டார எறக்கி புஷ்ஷும் கார்பனும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: சார், 2003 மாடல், வாழப்பாடில இருந்து மரவள்ளிக் கெழங்கு ஏத்திக்கிட்டு சேகோ ஃபேக்டரிக்கும், திரும்ப லீ பஜாருக்கும் ஓடுது. என் பிரச்சினை தலைகீழ். காலைல தொட்டா எந்திரிக்குது. லோடு அடிச்சு சூடா வந்து லோடு எறக்கற நேரம் ஆஃப் பண்ணா அப்புறம் எந்திரிக்காது, செல்ஃப் நல்லா வேகமா தான் சுத்துது. ஒரு மணி நேரம் ஆறுனா சரியாயிடுது. மெக்கானிக் கம்ப்ரசன் போயிருச்சு, இஞ்சின கழட்டி சிலிண்டர கடைஞ்சு போர் போடணும்ங்கறார்.

பதில்: கைய வெக்காதீங்க! கம்ப்ரசன் போன வண்டி காலைல ஜில்லுல தான் அழும், சூடானா நல்லா நடக்கும். உங்களுது நேர் எதிர். ரோட்டரி பம்ப்னா என் சந்தேகம் பம்ப்புக்குள்ள டீசல அழுத்தித் தள்ளுற ஹெட்டும் ரோட்டரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி மைக்ரான் கணக்கு, தேஞ்சு போனா ஜில்லுல டீசல் கொஞ்சம் கெட்டியா இருக்கறதால சமாளிக்கும், சூட்டுல டீசல் தண்ணியா எளகி இடுக்கு வழியா நழுவிரும், செல்ஃப் சுத்துற வேகத்துக்கு நாசில தொறக்கற பிரஷர் வராது.

அடுத்த வாட்டி மக்கர் பண்ணும்போது சாக்கோ துணியோ தண்ணில முக்கி, பம்ப் மேல மட்டும் போத்தி விட்டு ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு அடிங்க. பக்கெட்ட தூக்கி மொத்தமா ஊத்திறாதீங்க, சூட்டுல இருக்குற வார்ப்பு இரும்பு வெடிக்கும். துணி போட்டு எந்திரிச்சுட்டா போர் போட வெச்சிருந்த காசுல கொஞ்சத்த எடுத்துக்கிட்டு டெஸ்ட் பெஞ்ச் இருக்குற டீசல் பம்ப் சர்வீஸ்க்குப் போங்க, ஹெட் ரோட்டர் மாத்தி காலிபரேஷன் பண்ணி வாங்கிக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துருங்க, பம்ப் மேல இருக்குற ஸ்டாப் சொலினாய்டு, அதாவது சாவி போட்டா டீசலுக்கு வழி தொறந்து விடுற கரண்ட் வால்வு. சாவி போட்டா ‘டக்’குனு ஒரு சத்தம் வரும். சூட்டுல அந்த டக் வரலன்னா காயில் சூடேறிப் படுத்துருதுன்னு அர்த்தம், அத மட்டும் மாத்துனா போதும். அப்புறம் மலிவா கெடைக்குதுன்னு டீசல்ல மண்ணெண்ண கலந்து ஊத்துற பழக்கம் இருந்தா விட்டுருங்க. ரோட்டரி பம்ப்புக்கு டீசலே தான் ஆயிலும், மண்ணெண்ணைல வழவழப்பு கெடையாது, ரோட்டர் தேயறதுக்கு அது ஒண்ணே போதும்.

கேள்வி: ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சா ஒரே அடில எந்திரிக்குது, தெனமும் அடிக்கலாமா? (அயோத்தியாப்பட்டணம்)

பதில்: வேணாம். ஹீட்டர் பிளக் இருக்குற இஞ்சின்ல அது செவந்து கெடக்கும்போது ஸ்ப்ரே உள்ள போனா நேரம் காலம் இல்லாம பத்தும், ரிங் ஒடையும், பிஸ்டன் வெடிக்கும். பெட்ரோல் நனைச்ச துணி, தீப்பந்தம் காட்டுறது, இதுக்கும் சேத்து தான் சொல்றேன். ஸ்ப்ரேக்கு எந்திரிக்குதுன்னா வண்டி ஒரு தகவல் சொல்லுது, இஞ்சின் பத்த ரெடி, டீசல் வரல இல்ல சூடு பத்தல. அந்தத் தகவல வெச்சு மேல சொன்ன மாதிரி பொகையப் பாருங்க.

கேள்வி: ஏற்காடு பனில டீசல் உறையுமா? டேங்க்ல ஏதோ மருந்து ஊத்தச் சொல்றாங்க. (மஞ்சக்குட்டை)

பதில்: டீசல் மெழுகு கட்டுற அளவுக்குக் குளிர் நம்ம சேர்வராயன் மலைல கெடையாது. அது லடாக் சமாச்சாரம், அங்க தான் 2019-ல இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்குற தனி டீசலே கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல பனிக் காலத்துத் தொந்தரவு தண்ணி தான். பாதி டேங்க்ல ராத்திரி நிறுத்துனா உள்ள இருக்குற காத்து வேர்த்து தண்ணி சேரும். சாயங்காலமே டேங்க நெரப்பிருங்க, அப்பப்ப ஃபில்டர் அடி ஸ்க்ரூவத் தளத்தி ஒரு டம்ளர்ல புடிச்சுப் பாருங்க, அடில தண்ணி தனியா நிக்கும். மருந்துக் காசுல புது ஃபில்டர் வாங்கலாம்.

கேள்வி: ஐயா, நான் செவ்வாய்ப்பேட்டைல மளிகை மொத்த வியாபாரம் பண்றேன். பழைய டீசல் பிக்கப் ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். போய்ப் பாத்தப்ப சாவி போட்டதும் எந்திரிச்சுது. நம்பலாமாங்க?

பதில்: அம்மா, நீங்க போறதுக்கு முன்னாடியே ஒரு ரவுண்டு அடிச்சு சூடு பண்ணி வெச்சிருப்பாங்க. மறுபடி போங்க, காலைல ஆறு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாம. போனதும் மொதல்ல பானட்டத் தொறந்து ரேடியேட்டர் மேல கைய வெங்க, வெதுவெதுன்னு இருந்தா அன்னிக்குப் பேச்சே வேணாம், திரும்பி வந்துருங்க. ஜில்லுனு இருந்தா உங்க டிரைவர் சைலன்சர் பக்கம் நிக்கட்டும், அவங்கள ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் வெள்ளையா வந்து அடங்குனா பழைய வண்டிக்கு அது சகஜம், சூடானப்புறமும் நிக்காம வெள்ளப் பொகை வந்தா நாசிலோ கம்ப்ரசனோ சரியில்ல, நீலமா வந்தா ஆயில் எரியுது. ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடிய தளத்தி எடுத்துப் பாருங்க, குபுகுபுன்னு பொகை தள்ளுனா ரிங் தேஞ்சிருக்கு, வெலைய நல்லா கொறைச்சுக் கேளுங்க இல்ல வேற வண்டி பாருங்க. அப்புறம் லோடு ஏத்தி குப்பனூர் வழியா கொட்டச்சேடு வரைக்கும் ஏத்தி எறக்கி, சூட்டோட சூடா ஒரு அரை மணி நேரம் ஆஃப் பண்ணி நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஜில்லுலயும் சூட்டுலயும் எந்திரிச்சா அட்வான்ஸ் குடுங்க, ஆர்சி புக்ல இஞ்சின் நம்பர் சேஸிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியோட ஒத்துப் பாத்துட்டு.