அரை நிமிடத்தில் தளரும் சாண்டர்: குறை டேங்கிலா, கணக்கிலா?

கேள்வி: என்னிடம் 2 எச்பி மோட்டாரும் 50 லிட்டர் டேங்கும் உள்ள கம்ப்ரசர் இருக்கிறது. லேபிளில் 8 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் ஒன்று, காற்றில் ஓடுவது, வாங்கினேன். அதன் பெட்டியில் 4 சிஎஃப்எம்தான். ஆனாலும் அரை நிமிடத்தில் வேகம் குறைந்துவிடுகிறது. பெரிய டேங்க் மாட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டேங்க் காற்றைச் சேர்த்துத்தான் வைக்கும். காற்றைத் தருவது பம்ப். நீங்கள் நம்பிய இரண்டு எண்களுமே அரைகுறையானவை.

லேபிளில் உள்ள 8 சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு. அழுத்தத்தோடு வெளியே வருவது அதைவிட நன்றாகவே குறையும். உங்கள் கம்ப்ரசர் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதை நீங்களே அளந்து பாருங்கள். முதலில் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். காற்றை மெல்லத் திறந்துவிட்டு, மோட்டார் கிளம்பியதும் வால்வை மூடுங்கள். அழுத்தம் காட்டும் முள் 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது? (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்.) 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் 100 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. 50 நொடி ஆனால் நிமிடத்துக்கு 120 லிட்டர். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். ஆக, கைக்குக் கிடைப்பது 4 சிஎஃப்எம்முக்குச் சற்று மேல்.

சரி, அப்படியானால் சாண்டருக்கு அது போதுமே என்று தோன்றும். பெட்டியில் 'சராசரி' என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். நிமிடத்தில் 15 நொடி மட்டும் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. இடைவிடாமல் தேய்த்தால் மூன்று, நான்கு மடங்கு கேட்கும். மூன்று மடங்கென்றே வைத்துக்கொள்வோம்: 12 சிஎஃப்எம், நிமிடத்துக்கு 340 லிட்டர். டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க 18 நொடி போதும். அதன் பிறகுதான் மோட்டாரே கிளம்பும். கிளம்பினாலும் 340 செலவுக்கு 120 வரவு. அடுத்த 14 நொடியில் டேங்க் 5 பாருக்கு இறங்கிவிடும், சாண்டர் தளரும். நீங்கள் சொன்ன அரை நிமிடம் இதுதான்.

100 லிட்டர் டேங்க் மாட்டினால் அந்த அரை நிமிடம் ஒரு நிமிடமாகும், அவ்வளவே. நிரப்பவும் இரண்டு மடங்கு நேரம் ஆகும். சிறிய கம்ப்ரசர்கள் பல, ஓய்வில்லாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சூடேறிய காற்று ஈரத்தையும் சுமந்து வரும். அந்த ஈரம் சாண்டருக்குள் போய்த் துருவாகும். எனக்கு இதில்தான் அதிகக் கவலை.

இந்தக் கம்ப்ரசருக்கு விட்டு விட்டு வேலை செய்யும் கருவிகளே பொருந்தும். ஆணி அடிக்கும் நெய்லருக்கு ஓர் அடிக்கு மிகக் கொஞ்சம் காற்று போதும். டயருக்குக் காற்றடிப்பது, தூசி ஊதுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். இம்பாக்ட் ரெஞ்ச் நிறையவே காற்றைக் குடிக்கும். ஆனால் ஒரு நட்டைக் கழற்றச் சில நொடிதான், அடுத்த நட்டுக்குப் போவதற்குள் டேங்க் கொஞ்சம் தேறிவிடும். ரெஞ்சுக்கு வலு இல்லையென்றால் முதலில் ஹோஸைப் பாருங்கள். மெல்லிய சுருள் ஹோஸில் அழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள ஹோஸுக்கு மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் கையில் தெரியும். பெயின்ட் அடிக்க ஸ்பிரே கன் வாங்குவதானால் குறைந்த காற்றில் இயங்கும் எல்விஎல்பி வகையாகப் பாருங்கள். அதிலும் தொடர்ந்து அடிக்கும்போதான செலவைக் கேட்டு வாங்குங்கள்.

சாண்டரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடுவதை வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதென்றால் 20 நொடி தேய்ப்பது, முள் 8 பாரைத் தொடும்வரை நிறுத்துவது என்று சின்னச் சின்ன இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.