கரண்டியில் இசை வருமா?

கேள்வி: கரண்டி, பென்சில் கோடு இவற்றைத் தொட்டு மின்னணு இசை வாசிக்கிறார்களே, எப்படி?

பதில்: நான் முதலில் வாசித்ததே ஒரு கரண்டியைத்தான். 2012-இல் அறிமுகமான மேக்கி மேக்கி என்ற சிறிய பலகையைக் கணினியின் யுஎஸ்பியில் செருகினேன். கணினி அதை விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வயர் கரண்டியில், எர்த் வயர் என் இடது கையில். வலது விரல் கரண்டியைத் தொட்டதும் உடல் வழியே மிக மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்து சுற்று முழுமையாகிறது. கணினிக்கு அது ஒரு விசை அழுத்தம், இசை மென்பொருளுக்கு ஒரு ஸ்வரம். அந்த முதல் ஸ்வரம் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது! பென்சிலால் அழுத்தித் தீட்டிய தடித்த கோடும் போதும், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்.

பிளாஸ்டிக் டப்பா கடத்தாது. சரி, அதில் ஒரு பீசோ வட்டு (அதிர்வை மின்சைகையாக மாற்றும் சிறு தகடு) ஒட்டி, அந்தச் சைகைக்கு டிரம் ஒலி எழுப்பும் டிரம் மாட்யூல் என்ற கருவியில் இணையுங்கள். இப்போது நான் அதிகம் வாசிப்பது அதைத்தான். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும். கரண்டியில் அந்த வேறுபாடு வராது.