பாபிலோன் சிறையிருப்பும் திரும்புதலும் விசுவாசத்தைப் பற்றி என்ன கற்றுத்தருகின்றன?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் எரேமியா 29:11; உங்களைப் பற்றி நான் நினைப்பது தீமை அல்ல, சமாதானமே என்று தேவன் சொல்லும் வசனம். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் அந்த வசனம் தனியாக நிற்கும். வேதத்தில் அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று கெடு சொல்லியிருக்கிறது. கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு (எரேமியா புத்தகத்தில் எகொனியா) எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. வாசிக்கக் கேட்டவர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை.

அதே காலத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று தீர்க்கதரிசனம் சொன்னான் (28-ஆம் அதிகாரம்). எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். 'சீக்கிரம் நடக்கும்' என்று அடித்துச் சொல்வதுதான் விசுவாசம் என்றால், இங்கே பெரிய விசுவாசி அனனியாதான்! ஜனங்கள் அங்கே வேர்விட்டதற்குப் புறச்சான்றும் உண்டு. பாபிலோனியாவில் இருந்த ஆல்-யாகூடு என்ற ஊரின் களிமண் பலகைகளில் யூதப் பெயர்களோடு குத்தகையும் கடனும் பதிவாகியிருக்கின்றன.

எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது எரேமியா 32. எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது பங்காளி அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கத் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். நிலம் மறுபடியும் விற்கப்படும், வாங்கப்படும் என்ற வாக்குக்கு அந்தக் கிரயம்தான் அடையாளம். அவர் அதில் உழுததாக எங்கும் இல்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கி.மு. 538-இல் பெர்சிய ராஜா கோரேஸ் அனுமதி கொடுத்ததும் திரும்பினவர்கள் 42,360 பேர், வேலைக்காரர் தனி. வந்ததும் சுற்றியிருந்த ஜனங்களுக்குப் பயந்துகொண்டே பலிபீடத்தை வைத்தார்கள் (எஸ்றா 3:3). பயம் போனபிறகு ஆராதிப்போம் என்று காத்திருக்கவில்லை. ஆனால் இடிக்கப்பட்ட ஆலயத்தைத் திரும்பக் கட்டும் வேலை எதிர்ப்பில் நின்று, ஏறக்குறைய 16 வருஷம் அப்படியே கிடந்தது. எதிரிகள் ஒரு காரணம். ஆகாய் தீர்க்கதரிசி சுட்டிக்காட்டுவது வேறொன்று: அவரவர் மச்சுப்பாவின வீட்டில் குடியிருந்துகொண்டு, காலம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பேசின 23 நாளில் வேலை மறுபடி ஆரம்பித்தது; கி.மு. 515-இல் முடிந்தது.

அடிக்கடி தவறாகப் போதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் இன்னொரு கூட்டத்தோடு எருசலேமுக்குத் திரும்பின வேதபாரகர் எஸ்றா, வழிக்குச் சேவகரை ராஜாவிடம் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம் இருந்து புறப்பட்டார் (8:21-23). பாதுகாப்புத் தேடுவதே அவிசுவாசம் என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள். அடுத்த வசனங்களையும் பாருங்கள். 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஆசாரியரிடம் நிறுத்துக் கொடுத்து, நாலு மாதப் பயணத்துக்குப் பின் எருசலேமில் மறுபடி நிறுத்து, கணக்கு எழுதிவைத்தார். ஜெபம் பண்ணினதால் தராசை ஒதுக்கிவிடவில்லை. 13 வருஷம் கழித்து எருசலேம் மதிலைக் கட்ட வந்த நெகேமியாவோ குதிரைவீரரோடுதான் வந்தார். ராஜாவின் வனக்காவலனிடம் மரம் வாங்கவும் கடிதம் வைத்திருந்தார். அதே தேவன், அதே பாதை. தேவனைத் தேடுகிறவர்கள்மேல் அவருடைய கரம் இருக்கும் என்று எஸ்றா ராஜாவிடம் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் தேர்ந்துகொண்டதை எல்லாருக்கும் சட்டமாக்க இடமில்லை.

வாசிக்க விரும்பினால் எரேமியா 27-29, 32; பிறகு எஸ்றா 1-4, ஆகாய், சகரியா 1-8, எஸ்றா 5-8, நெகேமியா என்று போகலாம். எஸ்றா 4:6-23 பிந்தின ராஜாக்களின் காலத்துக்குத் தாவும் பகுதி. முதல் வாசிப்பில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வரிசை குழம்பும். நெகேமியாவில் 52 நாளில் மதில் முடிந்ததோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். 13-ஆம் அதிகாரம் வரை போங்கள். அவர் ராஜாவிடம் போய்த் திரும்புவதற்குள், மதில் வேலையை எதிர்த்த தொபியாவுக்கே ஆலயப் பிராகாரத்தில் அறை கொடுத்திருந்தார்கள். பங்கு கிடைக்காத ஆலய ஊழியரான லேவியர் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்துவிட்டு, பண்டகசாலைக்கு நம்பிக்கையான ஆட்களை நியமித்தார்.