இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் காற்றுத்தர சென்சார் வைத்திருக்கிறோம். பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்) அடிக்கடி 60-ஐத் தாண்டுகிறது. காரணம் லாரியா, அனல்மின் நிலையமா, குப்பை எரிப்பதா?
– வாசகர், மணலி

பதில்: சென்சாருக்கு அது தெரியாது. துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து எடையைக் கணிக்கும் கருவி அது. மார்கழிப் பனியில் ஈரம் ஏறி உப்பிய துகளையும் கூடுதல் எடையாகவே காட்டும். மூலம் தெரிய, துகளைப் பிடித்துப் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு பம்பு வைத்து ஃபில்டர் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் உறிஞ்சினால் 24 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் (நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு) என்றால் ஃபில்டரில் படிவது 1.44 மில்லிகிராம்தான். வெறும் விரல் பட்டாலே கணக்கு கெட்டுவிடும். ஃபில்டரும் இரண்டு வேண்டும்: எடைக்கும் உலோகங்களுக்கும் டெஃப்லான், கார்பனுக்கு குவார்ட்ஸ். டெஃப்லானிலேயே கார்பன் உண்டு, குவார்ட்ஸிலேயே சிலிக்கான் உண்டு என்பதால் ஒன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. குவார்ட்ஸை முன்னதாக 550 டிகிரியில் சில மணி நேரம் சுட வேண்டும். இல்லாவிட்டால் அதில் ஒட்டியிருந்த பழைய கரிமமும் கணக்கில் ஏறும்.

அலுமினியமும் சிலிக்கானும் மண் தூசியைக் காட்டும். செம்பும் ஆன்டிமனியும் பிரேக் தேய்மானத்தை. வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் கப்பல், கொதிகலன்களில் எரியும் கனரக எண்ணெய். பொட்டாசியத்தைக் கண்டதும் 'விறகுப் புகை' என்று எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. தீபாவளி வாரத்தில் வெடிமருந்தின் பொட்டாசியம் நைட்ரேட்டே அதைத் தந்துவிடும். செல்லுலோஸ் எரியும்போது உருவாகும் லெவோகுளுக்கோசனையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஊர் கடலோரம்; கடல் உப்பில் குளோரின் எடை சோடியத்தைப் போல 1.8 மடங்கு. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் குப்பை எரிகிறதா என்று தேடலாம்.

அனல்மின் நிலையம்தான் சிக்கல். கந்தக டைஆக்சைடு வாயுவாகக் கிளம்பி, வழியில் சல்ஃபேட் துகளாகிறது. அது வெகு தூரத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், மாடியில் சல்ஃபேட் கிடைத்தது என்பதற்காகக் கண்ணுக்குத் தெரியும் புகைபோக்கியைக் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மாசு வருகிறது என்று கணக்கிட சி.எம்.பி. (கெமிக்கல் மாஸ் பேலன்ஸ்), பி.எம்.எஃப். (பாசிட்டிவ் மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன்) – எந்தக் கணித மாடல் நல்லது?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: உள்ளூர் அடுப்பு, சாலை மண், டீசல் ஆகியவற்றின் வேதிக்கூறு கையில் இருந்தால் சி.எம்.பி.; ஒரே ஒரு காற்று மாதிரி எடுத்திருந்தாலும் கணக்கிடலாம். அமெரிக்க விறகடுப்பின் கூறுகளை இரவல் வாங்கி நம் வறட்டிப் புகைக்குப் பொருத்தினால் விடை தப்பாகும். பி.எம்.எஃப்.-க்கு அந்தக் கூறுகள் வேண்டாம், ஆனால் நூறு மாதிரிகளாவது இருப்பது நல்லது. அது தருவது காரணிகளை, அதாவது ஒன்றாகவே கூடிக் குறையும் பொருள்களின் தொகுப்புகளை மட்டுமே. பெயர் சூட்டுவது நீங்கள். 'தொழிற்சாலை' என்று எழுதுமுன், அந்தக் காரணி எந்தத் திசைக் காற்றில் உயர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.